குதிரைமலை: பெயரும் சான்றும்

வன்னி நிலத்தார்க்கு மலை என்பது பெரும்பாலும் நூல்வழி அறிந்த பொருளே ஆகும். பரந்தன் – முல்லைத்தீவுப் பெருவீதியில் தர்மபுரத்தில் நின்று நாற்றிசையும் நோக்குவார் கண்ணுக்கு வயலும் குளக்கட்டும் அவற்றுக்கப்பால் காட்டின் விளிம்புமே தோன்றும். குறிஞ்சித் திணையைப் பாடங் கேட்கும் மாணவன் அருவியையும் அடுக்கத்தையும் மனத்தால் வரைந்துகொள்ளுதலன்றி வேறு வழியில்லை. இத்தகைய நாட்டாரிடம், மன்னாருக்குத் தெற்கே, காட்டினூடே சென்று கடலை எட்டும் ஓரிடத்தில் ஒரு மலை உண்டு. அது சங்கப் புலவர் பாடிய குதிரைமலையே ஆகும் என்று கூறினால், அதனைக் காணும் விருப்பம் எழுதல் இயல்பே. அவ்விருப்பத்தோடு செல்வார் அங்கு யாது காண்பர் என்பதும், கண்டபின் எதனை நம்புதல் தகும் என்பதும் ஆராயத்தக்கன.

குதிரைமலை இன்று வில்பத்துத் தேசிய வனத்தின் எல்லைக்குள் அடங்கியது. வில்பத்து 1905 ஆம் ஆண்டிற் காப்பிடமாகவும் 1938 ஆம் ஆண்டிற் தேசிய வனமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீற்றர். வடக்கே மோதரகமாறும், தெற்கே கலாஓயாவும், மேற்கே கடலும் அதற்கு எல்லைகளாய் அமைந்துள்ளன. போர்க்காலத்தில் 1980களின் பிற்பகுதியில் மூடப்பட்டு, 2003 இல் திறக்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டு, 2010 இல் மறுபடியும் திறக்கப்பட்டது. தர்மபுரத்திலிருந்து செல்வோர் பரந்தனை அடைந்து, கண்டி வீதி வழியே வவுனியாவையும் மதவாச்சியையும் கடந்து, அனுராதபுரத்தினின்று மேற்கே திரும்பி ஹுணுவிலகம வாயிலை அடையலாம். தெற்கே புத்தளத்துப் பக்கம் இலவன்குளத்திலும் ஒரு வாயில் உண்டு. உள்ளே வண்டியினின்றும் இறங்குதல் சில இடங்களிலன்றி விலக்கப்பட்டது. இறங்கத்தக்க அச்சிலவற்றுள் குதிரைமலை ஒன்று.

வன்னியார் இக்காட்டினுட் புகும்போது அயல்நாடு புகுந்தவர் போல் உணரார். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று தம்மூர்க் காட்டில் கண்ட மரங்களே இங்கும் நிற்கும். பாலை பழுக்குங் காலத்திற் கரடி மரமேறும் என்று முல்லைத்தீவுக் காட்டோரத்தில் வாழும் சிறுவர்க்கும் தெரிந்த செய்தி இங்கும் பொருந்தும். புதுமையாய்த் தோன்றுவன வில்லுகளே. ஆறு பாயாமலும் அணை கட்டப்படாமலும், மழைநீர் மட்டும் தேங்கி, வெண்மணற் கரை சூழக் கிடக்கும் இயற்கைத் தடாகங்கள் அவை. குளம் என்றாற் கட்டும் மதகும் வான்கதவும் உடன்வரக் கருதிப் பழகிய வன்னி விவசாயிக்கு, ஒருவர் கையும் படாத நீர்நிலை வியப்பளிக்கும். வில்பத்து என்னும் பெயரை எண்ணோடு சார்த்திப் ‘பத்து வில்’ என்று பொருள் கூறுவாரும் உளர். முல்லைத்தீவில் கரைத்துறைப்பற்று என்பது போல, இங்கும் ‘பற்று’ என்னும் நிலப்பிரிவின் பெயரே பேச்சில் ‘பத்து’ என நின்றது எனக் கொள்ளுதல் பொருத்தமாகும். எண்ணிப் பார்த்தால் வில்லுகள் பத்தின் மேற்பட்டன.

காட்டைக் கடந்து மேற்கே சென்றால் மரங்கள் குறுகிப் புதராகி, மண் செம்பின் நிறம் பெற்று, திடீரெனக் கடல் தோன்றும். இதுவே குதிரைமலை. மலையைத் தேடி வந்தவர் முதலில் ஏமாற்றமே அடைவர். உயர்ந்த சிகரமில்லை, பெரும்பாறை அடுக்குமில்லை. கடலுக்குள் நீண்ட தாழ்ந்த மேட்டுநிலம் ஒன்று, கடற்பக்கத்தில் செங்குத்தாய் இடிந்து, அடியில் சுண்ணக்கல்லும் மேலே செம்மண்ணுமாய் நிற்கின்றது. தெற்கே போர்த்துக்கல் குடா அமைதியாய்க் கிடக்கும். கடற்புல் நிறைந்த அந்நீர்ப்பரப்புக் கடற்பசுவின் வாழிடம். வடமேற்கே மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் நீருக்கடியில் உள்ளன. மேட்டின்மேல் செங்கல்லும் பவளக்கல்லும் சுதையுமாய்ச் சிதைந்து கிடக்கும் ஒரு குவியலைக் குதிரையொன்றின் பேருருவத்தின் எச்சம் என வழிகாட்டுவோர் காட்டுவர். நெடுந்தூரம் தட்டையாய் ஓடும் இக்கரையில், கடலில் வருவோனுக்கு இவ்வளவு மேடே மலையாய்த் தோன்றியிருத்தல் வேண்டும். மாலுமி வைத்த பெயரை நிலத்தில் நின்று அளத்தல் முறையன்று.

இச்சிறு மேட்டின்மேல் நான்கு பெருங்கதைகள் ஏற்றப்பட்டுள்ளன. சங்க காலத்துப் பிட்டங்கொற்றனும் எழினியும் ஆண்ட மலை இது என்பது ஒன்று. உரோமரது நூலிற் கூறப்படும் ஹிப்புரோஸ் என்னும் துறைமுகம் இது என்பது மற்றொன்று. விசயன் கரையிறங்கிய தம்பபண்ணி இதுவே என்பது மூன்றாவது. அல்லியரசாணியின் தலைநகர் என்பது நான்காவது. ஒவ்வொன்றையும் விரும்பி நம்புவார் ஒவ்வொரு சாரார். ஆயினும் அளவுகோல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். புறநானூற்றில் 168 முதல் 172 வரையுள்ள பாட்டுகள் பிட்டங்கொற்றனைப் பாடுவன. கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார், காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் முதலியோர் அவனைப் பாடினர். அவனது மலையின் பெயர் குதிரை. ஏறிச் செலுத்த இயலாத குதிரை என்று வெளிப்படையாகக் கூறி, விலங்கினின்றும் மலையைப் பிரித்துக் காட்டும் நயத்தைத் தமிழாசிரியர் அறிவர். எழினியைக் குறிக்குமிடத்தும் இவ்வழக்கு வருகின்றது. முதலியார் செ. இராசநாயகம் 1926 ஆம் ஆண்டில் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்னும் பொருள்படும் தம் ஆங்கில நூலை வெளியிட்ட காலந்தொட்டு, அம்மலை ஈழத்துக் குதிரைமலையே என்னும் கருத்து இந்நாட்டுத் தமிழ் மக்களிடையே வேரூன்றியது. பெயர் ஒன்றாயிருத்தலே அதற்கு அடிப்படை.

ஆனால் 168 ஆம் பாட்டைப் பொருளூன்றிப் படிப்பார்க்கு ஐயம் எழாமற் போகாது. அங்கே அருவி ஒலிக்கின்றது. மிளகுக்கொடி வளரும் மலைச்சாரல் உண்டு. காட்டுப்பன்றி காந்தட் கிழங்கைக் கிளறிய புழுதியிற் குறவர் தினை விதைக்கின்றனர். சந்தன விறகிற் சோறு சமைத்து வாழையிலையிற் பகிர்ந்து உண்கின்றனர். இவற்றுள் எதனை மன்னார் வளைகுடாவின் இவ்வறண்ட கரையிற் காணல் கூடும்? பண்டு மழை மிகுதியாய்ப் பெய்திருக்கலாமே என்று விடை கூறலாம். மழை மிகலாம், உயரம் மிகுமா? அருவி வீழ்தற்கு உயரம் வேண்டும். சுண்ணக்கல் மேட்டின்மேல் மிளகும் சந்தனமும் தழைத்தன என்பதற்குச் சான்றில்லை. அன்றியும், பிட்டன் சேரன் கோதைக்கு உட்பட்ட தலைவன் என்று அப்பாட்டுகளே உணர்த்துகின்றன. அவன் மலையைச் சேரநாட்டை அடுத்த மலைத்தொடரிலே தேடுதலே முறையாகும். எழினியோ தகடூர் அதியர் குடியோடு தொடர்புடையவன். தகடூர் இன்று தருமபுரி எனப்படும். பெயரொற்றுமை ஒன்றே போதுமாயின், தமிழ்நாட்டுத் தருமபுரியையும் பரந்தன் வீதித் தர்மபுரத்தையும் ஓரூர் என்றே நாட்டிவிடலாம்!

இவ்வாறு கூறுவது ஈழத்துக்கும் சங்க இலக்கியத்துக்கும் தொடர்பில்லை என்பதாகாது. ஈழத்துப் பூதன்தேவனாரின் பாட்டுகள் அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் உள்ளன. பட்டினப்பாலை புகார்த் துறையில் வந்திறங்கிய பொருள்களைக் கூறுமிடத்து ஈழத்து உணவையும் கூறுகின்றது. இவை உறுதியான சான்றுகள். உறுதியான சான்று கையிலிருக்க, உறுதியற்றதைச் சுமந்து திரிதல் எதற்கு? ஒரு வழக்கில் ஒரு பொய்ச்சாட்சி அகப்பட்டால் மெய்ச்சாட்சிகளும் ஐயுறப்படும் என்பதை நீதிமன்றம் சென்றார் அறிவர்.

இனி ஹிப்புரோஸ். கி. பி. 79 இல் இறந்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலின் ஆறாம் புத்தகத்தில் ஒரு கதை கூறுகின்றார். செங்கடற் பகுதியின் இறைவரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரபுநாட்டுக் கரையைச் சுற்றிச் செல்கையில் வாடைக்காற்றால் அலைக்கப்பட்டு, பதினைந்தாம் நாளில் தப்ரபேன் எனப்பட்ட இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான். அரசன் அவனை ஆறு திங்கள் வைத்துப் பேணினான். அவனும் அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டான். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு அரசர் முகங்கள் பொறித்திருந்தும் எல்லாக் காசும் ஒரே நிறையாய் இருந்தமையைக் கண்டு, இத்தகைய காசு வெளியிடும் நாட்டார் நேர்மையாளராதல் வேண்டும் என அரசன் வியந்தானாம். அவன் நால்வர் தூதரை உரோமுக்கு அனுப்பினான். அவர்களின் தலைவன் பெயர் இராக்கியஸ் என எழுதப்பட்டுள்ளது. தங்கள் நிழல் அங்கே வடக்கு நோக்கி வீழ்வதைக் கண்டு தூதர் திகைத்தனர் என்றும் பிளினி கூறுவார்.

இஃது வெறுங் கட்டுக்கதையன்று என்பதற்கு எகிப்துப் பாலைவனம் சான்று பகர்கின்றது. நைல் நதிக்கரையினின்று செங்கடற் துறையான பெரனிக்கேக்குச் செல்லும் பழைய வணிகவழியில், வாடி மெனீஹ் என்னுமிடத்துப் பாறையில், புளோக்காமஸின் அடிமை லீசஸ் என்பவன் தன் பெயரைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்துச் சென்றிருக்கின்றான். அதன் காலம் கி. பி. 6 ஆம் ஆண்டு யூலை மாதம். அவ்வெழுத்துகளை மெரெடித் 1953 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தூதர் சென்றது குளோடியஸ் பேரரசன் காலத்தில், அதாவது கி. பி. 41 க்கும் 54 க்கும் இடையில் என்பது பிளினியின் கூற்று. பாறையெழுத்தோ புளோக்காமஸின் குடும்பம் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே இவ்வணிகத்தில் ஈடுபட்டிருந்ததைக் காட்டுகின்றது.

குத்தகைக்காரன் உண்மையானவன், ஆனால் துறைமுகம் எது? ‘ஹிப்போஸ்’ என்றாற் குதிரை, ‘ஊரா’ என்றால் வால். ஹிப்புரோஸ் ‘குதிரைவால்’ ஆகலின், அது குதிரைமலைப் பெயரின் மொழிபெயர்ப்பு என 1859 இல் தம் இலங்கை வரலாற்றை வெளியிட்ட எமேசன் தெனன்ற் போன்றோர் கொண்டனர். கேட்க இனிய கருத்து. மெய்யாயின், குதிரைமலை என்னும் தமிழ்ப்பெயர் கி. பி. முதல் நூற்றாண்டிலேயே வழங்கியது என்று கூறலாகும். எனினும் இரு தடைகள் உள. கிரேக்க மாலுமிகள் நம் ஊர்ப்பெயர்களைப் பொருள் பெயர்த்து வழங்கியதினும் ஒலியைத் திரித்து வழங்கியதே பெரும்பான்மை. முசிறி முசிரிஸ் ஆயிற்று, கொற்கை கொல்கோய் ஆயிற்று, தம்பபண்ணி தப்ரபேன் ஆயிற்று. குதிரைமலை மட்டும் ஏன் பொருள் பெயர்க்கப்பட்டது? மற்றும், ஹிப்புரோஸ் என்பது கிரேக்கத்தில் ஒரு கடல்மீனின் பெயருமாகும். மாலுமி ஒரு துறைக்கு மீன்பெயர் இடுதல் அரிதன்று. எனவே இதனை ‘இருக்கலாம்’ என்னும் அளவில் நிறுத்துதலே நேர்மை. பாடநூல்களில் ‘ஆகும்’ என்று எழுதுவார் பிளினி கூறியதினும் மிகுத்துக் கூறுகின்றனர்.

விசயன் கதைக்கும் இதே கோல் பொருந்தும். கப்பலினின்று இறங்கிக் களைத்த விசயனின் ஆட்கள் நிலத்திற் கையூன்ற, செம்மண் பட்டுக் கைகள் செம்பு நிறமாயின. அதனால் அவ்விடம் தம்பபண்ணி எனப்பட்டது என மகாவமிசம் கூறும். குதிரைமலையின் மண் சிவப்பே. ஆகவே அவ்விடம் இதுவே என்பர் சிலர். ஆனால் செம்மண் இக்கரையில் இங்கு மட்டும் உள்ளதன்று. அருவியாற்று முகத்துவாரத்தைக் கூறுவாரும் தென்கரையைக் கூறுவாரும் உளர். தம்பபண்ணி என்னும் பெயரோ அசோகனின் பாறைச் சாசனங்களிலேயே வருவது. எதிர்க்கரையிற் கொற்கையருகே கடலோடு கலக்கும் ஆற்றின் பெயரும் தாமிரபரணியே. பெயர் முன்னையது, கை சிவந்த கதை அப்பெயருக்குக் காரணங் கூறப் பின்னர் எழுந்தது என்று கருத இடமுண்டு. பிட்டனை இங்கே குடியேற்றுவோரும் விசயனை இங்கே இறக்குவோரும் செய்யும் பிழை ஒன்றே: ஒரு சொல்லை அல்லது ஒரு நிறத்தைப் பற்றிக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிடுகின்றனர்.

அல்லியைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. அல்லியரசாணி மாலையில் அவள் மதுரையை ஆண்டவள். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் வெளியிட்ட இலங்கை இடப்பெயர் அகராதியிலேயே குதிரைமலை பற்றிய அல்லிக்கதை இடம்பெற்றுவிட்டது. இக்கதை நிற்கும் இடமும் நிலையானதன்று. அரிப்பில் தேசாதிபதி நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய மாளிகை, முத்துக்குளிப்பை மேற்பார்வையிட எழுந்தது. இன்று இடிந்து கடலுள் வீழ்ந்துகொண்டிருக்கும் அதனையும் ஊரார் அல்லிராணி கோட்டை என்றே அழைப்பர். ஆங்கிலத் தேசாதிபதியின் வீடு இருநூறு ஆண்டுக்குள் அல்லியின் வீடாயிற்று என்றால், மரபுவழிச் செய்தியின் ஆயுளைக் கணிக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்பது தெளிவு. ஆயினும், முத்தெடுக்கும் கரை நெடுகிலும் ஒரு பெண்ணரசியின் பெயரே ஒலிப்பது கவனிக்கத்தக்கது.

கதைகளை விலக்கியபின் எஞ்சுவது வறுமையன்று. முதலாவது முத்து. தப்ரபேனின் முத்துப் பெருமையைப் பிளினி அறிந்திருந்தார். கி. பி. 1344 இல் இபன் பத்தூத்தா புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டபோது அரசன்முன் முத்துகள் இருந்தமையைக் குறித்துள்ளார். யாழ்ப்பாணத்து அரசரின் கை அன்று இக்கரை முழுவதும் நீண்டிருந்தது என்பதற்கு அயல்நாட்டான் ஒருவன் தந்த சான்று அது. வளைகுடாவின் மறுகரையில் குளிப்போரைச் சுறாவினின்றும் காக்க மந்திரிப்போர்க்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதென மார்க்கோ போலோ எழுதினார். கடல்கட்டி எனப்பட்ட அத்தொழிலினர்க்குப் பிரித்தானிய ஆட்சியும் ஊதியம் அளித்தது.

சீவல் பார், பெரிய பார், மோதரகம் பார் என்று பார்களுக்கெல்லாம் பெயருண்டு. பார் எப்போது விளையும், எப்போது பொய்க்கும் என்பதை எவரும் அறிந்திலர். ஆராய்தற்பொருட்டு லிவர்பூல் பேராசிரியர் ஹேட்மன் 1902 இல் வந்தார். 1905 ஆம் ஆண்டிற் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. குதிரைமலைக்கு வடக்கே, மோதரகமாற்றுக்கு அப்பால், மரிச்சுக்கட்டிக் கரையில் ஓலைக்கொட்டில் நகரம் ஒன்று எழுந்தது. தமிழரும் அரபியருமாகிய குளிகாரர் கல்லைக் காலிற் கொண்டு கயிற்றில் இறங்கினர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு அவர்களுக்கும் ஆயிற்று. பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்ப் 1906 இல் அங்கே இளம் உத்தியோகத்தராய் நின்று, அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் நெருங்கி அறிந்தவர். அவ்வாண்டே பார்கள் ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907 க்குப் பின் பார்கள் பொய்த்தன. இரண்டாயிரம் ஆண்டுப் புகழ் ஒரு குத்தகைக் காலத்துக்குள் ஓய்ந்தது. கம்பனியார் பேராசைதான் காரணம் என்பது அக்கால மக்களின் தீர்ப்பு. ஆனால் பார்கள் பலகாலும் பல ஆண்டுகள் பொய்த்து மீண்டும் விளைந்தமை ஒல்லாந்தர் காலத்துப் பதிவுகளிலும் உண்டு. கம்பனியார் மேல் முழுப் பழியையும் சுமத்துதல் சரியன்று.

அந்த மரிச்சுக்கட்டியும் அயலூர்களும் 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது வெறுமையாயின. இருபது ஆண்டின்பின் மீண்டவர்கள் தம் நிலத்திற் காடு வளர்ந்திருக்கக் கண்டனர். காட்டின் எல்லை எது, ஊரின் எல்லை எது என்னும் வழக்கு அதனால் எழுந்தது. இக்கரையின் வரலாற்றை எழுதுவோர் பிட்டனுக்கு ஒதுக்கும் பக்கத்தில் ஒரு பகுதியையேனும் இம்மக்களுக்கு ஒதுக்குதல் கடன்.

இரண்டாவது குதிரை. மகாவமிசம் கூறும் சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவர் குதிரைக் கப்பல் வணிகன் ஒருவனின் மக்கள். கி. மு. இரண்டாம் நூற்றாண்டளவில் அனுராதபுரத்தைக் கைப்பற்றி இருபத்திரண்டு ஆண்டு முறைதவறாது ஆண்டனர் என்று அந்நூலே புகழும். குதிரை இலங்கைக்கு உரிய விலங்கன்று, கப்பலில் வந்ததே. அனுராதபுரத்துக்கு மேற்கே, மறைவான குடாவின் வாயிலில், கடலினின்று அடையாளங் காணத்தக்க ஒரு மேட்டுக்குக் குதிரையின் பெயர் இவ்வணிகத்தால் வந்திருக்கலாகும். இதுவும் ஊகமே, ஆயினும் அருவியும் மிளகும் வேண்டாத ஊகம்.

மூன்றாவது, ஐயத்துக்கு இடமற்றது, பொம்பரிப்பு. குதிரைமலைக்குத் தெற்கே அதே வனத்துக்குள், செம்மண்ணில் பெருந்தாழிகள் புதைந்து கிடக்கின்றன. ஹோக்காட் 1924 இலும், தெரணியகல 1956–57 இலும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 1970 இலும் அங்கு அகழ்ந்தனர். ஒரு தாழியில் ஒருவர்க்கு மேற்பட்டோரின் எலும்புகளும், கறுப்பும் சிவப்புமான மட்கலங்களும் வெளிப்பட்டன. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிற் கண்ட ஈமத்தாழிகளோடு இவை நெருங்கிய ஒப்புமை உடையன என்பதை அறிஞர் பலரும் ஏற்றுள்ளனர். கடலின் இருகரையிலும் இறந்தோரை ஒரே முறையிற் புதைத்த மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு எந்தப் பாட்டின் துணையும் வேண்டியதில்லை. அவர் எம்மொழி பேசினர் என்பதைத் தாழி கூறாது. கூறாததை அதன் வாயிற் புகுத்துதலும் ஆகாது.

குதிரைமலைக்குச் செல்வார் பெரும்பாலும் கடலைப் பார்த்து, செங்கற் குவியலைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். தாழிக்காட்டைக் காண நிற்பார் சிலரே. நிற்பார்க்கும் அங்கே காட்சிப்பொருள் அதிகமில்லை: பாலை மரங்களின் கீழ் செம்மண்ணும், மழை அரித்த இடத்து ஓட்டுத் துண்டுகளும், அவற்றின்மேல் யானை நடந்த தடமுமே உள்ளன.